மூச்சு விடக் கூடாத அறையில் ஒரு சிரிப்பு

அவளுடைய பெயரை எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. எழுதினால் விட்பியிலிருந்து மில்லிக்கன் வரைக்கும் உள்ள அத்தனை சொந்தக்காரர்களும் "உவள்தானே, அந்தச் சிரிப்புக்காரி" என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். பெயர் இல்லாமலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். அப்படி ஒரு சிரிப்பை டொரொண்டோவில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை.

சிரிப்பு முதலில் தோளில் வரும். சத்தம் இருக்காது, இரண்டு தோளும் மேலும் கீழும் ஆடும். பிறகு மூக்கு வழியாக ஒரு உறுமல். இந்த இடத்தில் அடக்கிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நம்புவாள், பாவம். அடுத்த நொடி பிரஷர் குக்கர் விசில் கிளம்பும். அப்புறம் கண்ணீர், விக்கல், பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ ஏலாது, ஏலாது" என்று கெஞ்சல். விட்பியிலிருந்து அவள் வருகிற ரயிலின் மேல்தட்டில் பேசக் கூடாது என்று விதி உண்டு. அவள் பேசவில்லை. ஏதோ நினைத்துச் சிரித்தாள், அவ்வளவுதான். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து வந்து, தயவுசெய்து கீழே போய்ச் சிரிக்க முடியுமா என்று கேட்டாராம். "அவ கேட்ட விதத்தில எனக்கு இன்னும் கூடச் சிரிப்பு வந்திட்டுது" என்றாள்.

இவளுக்கு வாய்த்த வேலையைக் கேளுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்மென்ட்டில், ஜன்னல் இல்லாத குட்டி அறையில், தட்டைப்புழுக்களை வெட்டும் வேலை. கத்தரிக்காய் வெட்டுவது போல அல்ல. மெழுகில் புதைத்த புழுவை ஒரு மெஷினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், வெங்காயச் சருகைவிட மெல்லிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கும். அந்த நாடாவைத் தூரிகை முனையால் எடுத்து, கறுப்பு அட்டையில் வரிசையாகப் படுக்கவைக்க வேண்டும். வரிசைதான் உயிர். தலையிலிருந்து எது முதல் வெட்டு, எது இருநூறாவது வெட்டு என்று தெரிந்தால்தான் உள்ளே தசையும் சுரப்பியும் எந்த வழியில் போகின்றன என்று சொல்ல முடியும். பிறகு வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு என்னிடம் தருவாள். நான் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவேன். மூச்சுப் பட்டால் நாடா பறக்கும். தும்மினால் அன்றைய வேலை போச்சு. சிரித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அதற்கு அவளிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. வெட்ட உட்காரும்போது முகத்தில் இரண்டு மாஸ்க், கடைவாயில் ஒரு கராம்பு. எங்கள் மதுரையில் கிராம்பு என்போம். சிரிப்பு தோளுக்கு வந்ததும் நறுக்கென்று அதைக் கடிப்பாள். நாக்கு எரியும், கண் கலங்கும், சிரிப்பு இறங்கிவிடும். நல்ல நாளில் ஒரு கராம்பு போதும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு டப்பாவே மேசைக்கு வந்துவிட்டது.

நான் சேர்ந்த அன்று, "நீர் இந்தியாவோ?" என்று கேட்டாள்.

"ஆமாங்க, மதுரை."

"நல்லது. அந்தக் கதிரையில இரும். நான் வெட்டேக்க மட்டும் கதைக்காதேயும்."

என்னை அதுவரை யாரும் 'நீர்' என்று சொன்னதில்லை. ராஜா வேஷம் கட்டியவர் மேடையில் கூப்பிட்டதுபோல இருந்தது. நான் லேசாகச் சிரித்துவிட்டேன். உடனே அவள் தோள் ஆட ஆரம்பித்தது. எங்கள் சிநேகம் அந்த நிமிடமே ஆரம்பித்துவிட்டது. கதவில் 'வெட்டு நடக்கிறது, திறக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் தொங்கும். இரண்டாவது வாரம் அதன் அடியில் தமிழில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'பகிடி விடவே கூடாது.' பகிடி என்றால் ஜோக். அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் அவளைத் தவிர நான் ஒருத்திதான்.

புழுக்களைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். "இஞ்ச பாரும், உவருக்குத் தலையில வாய் இல்லை. வாய் வயித்துக்கு நடுவில. அதுக்குள்ளயிருந்து ஒரு குழாய் வெளிய வந்து மண்புழுவை உறிஞ்சும். ஆனா மண்புழு சும்மா கிடக்குமோ? துடிக்கும், வழுக்கும். வாய் வந்து சேருமட்டும் அதை ஆர் பிடிச்சு வைச்சிருக்கிறது? தலை! தசை தலையைக் குழியாக்கும், சுரப்பி பசையைத் தள்ளும். பிடிக்கிறது ஒரு இடம், தின்னுறது இன்னொரு இடம்!" என்பாள், ஏதோ அவளே கண்டுபிடித்துப் பொருத்தியதைப் போலப் பெருமையாக.

எல்லாத் தட்டைப்புழுவுக்கும் இந்தத் தலை ஏற்பாடு கிடையாது. சில புழுக்கள் உடம்புச் சளியாலேயே இரையைச் சுற்றி ஒட்டிப் பிடிக்கும். சிலவற்றின் தலையில் இழுக்கும் தசை மட்டும் உண்டு. சிலவற்றில் தசையும் பசைச் சுரப்பியும் சேர்ந்து தனி உறுப்பே ஆகிவிட்டன. முதலில் வந்தது தசையா, பசையா? ஒரு தடவை வந்து பரம்பரையாக இறங்கியதா, தனித்தனியாகப் பல தடவை வந்ததா? எங்கள் புரொபசர் வருஷக்கணக்காக இந்தக் கேள்வியோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

அவளோ இந்தக் கேள்வியை வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மில்லிக்கனில் ஒரு ஹாலில் கல்யாண ரிசெப்ஷன். எங்கள் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் வீடு விற்கும் ஏஜென்ட் அங்கிள் ஒருவர், கோட்டும் டையுமாக, வருகிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். குலுக்கி முடித்தும் விடவில்லை. "தங்கச்சி, இப்ப எங்க இருக்கிறியள்? வாடகையோ? ஏன் தங்கச்சி வாடகை?" என் கணவர் கையை உருவப் பார்த்தார், முடியவில்லை. அவள் என் காதருகே வந்து, "உவருக்கு உள்ளங்கையில சுரப்பி" என்றாள். "வாய் இஞ்ச இல்லை. ஒப்பிஸில. பேப்பர் எல்லாம் சைன் வைக்கேக்கதான் வெளிய வரும்." நான் பாத்ரூமுக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

இப்படியெல்லாம் ஊரைக் கேலி செய்தாலும் யாரையும் பற்றி அவள் முடிவாக ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து லாப் ஆள் ஒருவர் காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார் என்று நான் பொரிந்தேன். "திமிருங்க அவருக்கு."

"எத்தினை வெட்டுப் பாத்தனீர்?"

"என்னங்க?"

"ஒரு வெட்டுத்தானே பாத்தனீர். எல்லா வெட்டையும் பாத்துப்போட்டுச் சொல்லும்."

மறுநாள் தெரிந்தது, அந்த மனுஷருக்கு முந்தின தினம்தான் இரண்டு கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறார்கள். கன்னம் இட்லியாக வீங்கியிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தோள் ஆடியது.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவள். இங்கே வந்து கோப்பிக் கடை, பெட்டி அடுக்கும் பாக்டரி என்று பன்னிரண்டு வருடம் அலைந்தாள். இடையில் ஒரு மலர்ச்சாலையில் வரவேற்பு மேசை. செத்தவரை வைத்து அஞ்சலி செலுத்தும் இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. வேலைக்குச் சேர்ந்த பதினோராவது நாள், எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக நிற்கும்போது யாருடைய போனோ குத்துப்பாட்டுப் பாடியது. போனுக்குச் சொந்தக்காரர் அதை நிறுத்தத் தெரியாமல் சட்டைக்குள் போட்டு அமுக்க, அது நெஞ்சுக்குள்ளிருந்து பாடியது. அத்தோடு அந்த வேலை முடிந்தது.

"பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு நுணுக்குக்காட்டியில கண் வைச்சனான் பாரும், அண்டைக்கு வீட்டை போய் அழுதனான்" என்று ஒரு நாள் சொன்னாள். மைக்ராஸ்கோப்பை அவள் அப்படித்தான் சொல்லுவாள். "இந்த வேலை மட்டும் போகக்கூடாது. இதை விட்டால் திரும்பப் பெட்டி அடுக்கத்தான் போகவேணும்." அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வேலை ஒரு குளிர்காலத்தில் ஊசலாடியது. எங்கள் இருவர் ஒப்பந்தமும் பிப்ரவரியோடு முடிவதாக இருந்தது. என்னை ஏதாவது ஒரு லாப் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வெட்டத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு லாப்தான். அப்போது தென் அமெரிக்கக் காடு ஒன்றிலிருந்து சாராயக் குப்பியில் ஒரே ஒரு புழு வந்தது. அந்த வகையில் எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதன் தலையில் தசை மட்டும் இருக்கிறதா, பசைச் சுரப்பியும் சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்தால் புரொபசரின் கேள்விக்குப் பாதி விடை. விடை வந்தால் ஆராய்ச்சி நீளும், வெட்டுகிறவளும் இருப்பாள். "புதன்கிழமை வெட்டுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு சொல்கிறேன்" என்றார் அவர். உயரமான, ஒல்லியான மனிதர். பனிக்காலம் முழுக்க ஒரே நீல ஸ்வெட்டர். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

புதன்கிழமை. ஹீட்டர் ஓடி ஓடி அறைக் காற்று வறண்டுகிடந்தது. கதவுக் குமிழைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும், தலைமுடி மாஸ்க்கில் போய் ஒட்டிக்கொள்ளும். அவள் காலையிலிருந்து வெட்டினாள். நாடாக்கள் கறுப்பு அட்டைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருந்தன. மூன்று மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு ஒரு சாதனை. தலையின் கடைசி நாடா இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் புத்தி கெட்டது.

"வாய் வயித்துல இருந்தா," என்று கிசுகிசுத்தேன், "பந்தியில எப்படிங்க உக்காருவாங்க? வாழையிலை மேல குப்புறத்தானே படுக்கணும்?"

கராம்பு கடிபடும் சத்தம் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"அந்த ஏஜென்ட் அங்கிள் கோட்டு டையோட குப்புறப் படுத்திருப்பாரு. சாம்பார் ஊத்துறவரு வந்து, 'சார், கொஞ்சம் எந்திரிங்க' ம்பாரு."

தோள். உறுமல். விசில். அதே கணத்தில் கதவு திறந்தது, புரொபசர் வாசலில் நின்றார். நாடாக்கள் எல்லாம் அட்டையைவிட்டு எழும்பின. கல்யாண வீட்டில் அட்சதை எறிந்தாற்போல அறை முழுக்கப் பறந்தன. என் முடியில் ஒன்று, பிரிட்ஜின் மேல் ஒன்று, மீதி தரையெங்கும்.

"என்ன ஆயிற்று?" என்றார் புரொபசர்.

அவள் மாஸ்க்குகளைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. "நான் சிரித்துவிட்டேன்" என்றாள், ஆங்கிலத்தில், நிமிர்ந்து நின்று.

நான் ஏதாவது சொன்னேனா? இல்லை. சிரிக்கவைத்தது நான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. என் ஒப்பந்தமும் பிப்ரவரியில்தானே முடிகிறது என்று மனசு கணக்குப் போட்டது. நான் கோழை, வேறென்ன. புரொபசர் தரையைப் பார்த்தார். "அது ஒன்றுதான் இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை முழுவதும் பொறுக்கினோம். அவள் ஒவ்வொரு துண்டையும் நுணுக்குக்காட்டியில் வைத்து, தலை ஓரத்துக் கண்புள்ளிகளையும் வெட்டின் வடிவத்தையும் பார்த்து, இது அதற்கு முன், அது இதற்குப் பின் என்று அடுக்கினாள். அப்படி ஒரு பொறுமையை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மனசு தாங்காமல், அவளைத் தேற்றலாம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கராம்பு டப்பா மேசையில் மூடியபடியே இருந்தது, அதற்கு வேலையே வரவில்லை. நான் கழிவறைக்குப் போய் அழுதேன். சாயந்தரம் எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன, ஒரு நாடாவைத் தவிர. சுரப்பி என்று ஒன்று இருந்தால் அது தசையோடு சேர வேண்டிய இடம். பிரிட்ஜை நகர்த்திக்கூடப் பார்த்தோம். இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நான் ஒரு முடிவோடு போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது. ஆறேழு பேர் மேசையைச் சுற்றி. புரொபசர் நீல ஸ்வெட்டரில். மிகவும் வருத்தத்தோடுதான் பேசினார். அடுக்கியது அபாரமான வேலை என்றார். ஆனால் முக்கியமான வெட்டுகள் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது, வேறு மாதிரி கிடைக்கும்வரை வெட்டு வேலையை நிறுத்திவைக்க வேண்டிவரும் என்றார். எந்த இடம் விடுபட்டிருக்கிறது என்று வரைந்து காட்ட எழுந்து, வெள்ளைப் பலகையின் உச்சிக்குக் கையை உயர்த்தினார்.

"நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்று நான் எழுந்தேன்.

பக்கத்தில் இருந்தவளின் தோள் ஆடியது.

இங்கேயா? இப்போதா? அவளுக்குக் கையில் கராம்பு இல்லை, முகத்தில் மாஸ்க் இல்லை. உறுமல் வந்தது. ஆறேழு தலைகளும் திரும்பின. வேலை போகிற நேரத்தில் ஒருத்தி விசிலடித்துச் சிரித்தால் யார்தான் திரும்பமாட்டார்கள்? அவளால் பேச முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய ஒரு விரலை நீட்டினாள். புரொபசரின் உயர்த்திய கைக்கு அடியில், அக்குளுக்கு நாலு விரல் கீழே, நீலக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது எங்கள் நாடா.

புரொபசர் குனிந்து பார்க்கப் போனார். "டோன்ட் மூவ்!" என்று அவளிடமிருந்து ஒரு அதட்டல். "டோன்ட் பிரீத்!" அந்த மனுஷர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல அப்படியே உறைந்துவிட்டார். அவள் ஓடிப்போய்த் தூரிகையும் கறுப்பு அட்டையும் கொண்டுவந்தாள். கன்னம் இரண்டும் உப்ப, முகம் தக்காளியாகச் சிவக்க, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த அக்குளுக்குக் கீழே தலையை நுழைத்தாள். அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. நான் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தூரிகை முனை ஆடவில்லை. நாடா ஒரு நுனியிலிருந்து உரிந்து, வளைந்து, அட்டையில் படுத்தது. மூன்று வெட்டுகள் நசுங்கியிருந்தன. மீதி முழுசு.

புரொபசர் கையை மெதுவாக இறக்கினார். நாடா ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, எப்போதும் சொல்வதுபோலவே, ஒவ்வொன்றாகச் சொன்னார். "நான் அறைக்குள் காலே வைக்கவில்லை. இரண்டு மாஸ்க்குக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு வாசல்வரை இதைத் தள்ளியிருக்க முடியாது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். அதை இழுத்தபோது காற்று என்னை நோக்கி வந்திருக்கிறது. நோட்டீஸைப் பார்த்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன வேடிக்கை என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. திறந்துவிட்டேன்." அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

பிறகு கேட்டாரே ஒரு கேள்வி: "அது என்ன வேடிக்கை?"

எழுந்து நின்றுகொண்டிருந்தவள் நான்தானே. கல்யாணப் பந்தி, வாழையிலை, குப்புறப் படுத்த ஏஜென்ட், சாம்பார் ஊற்றுகிறவர் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. புரொபசர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து, பூட்டிய அவர் அறைக்குள்ளிருந்து குதிரை கனைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அன்று யூனியன் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அவளிடம் கேட்டுவிட்டேன். "சிரிக்க வச்சது நான். கதவைத் திறந்தது அவரு. நீங்க ஏங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"கதவு திறந்தது எனக்கு அப்பவே தெரியும். காதில குளிர் அடிச்சது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் சிரிச்சதும் உண்மைதானே. எது பறக்கவைச்சது எண்டு எனக்குத் தெரியாது. ஒரு நாடா காணேல்லை. எல்லா வெட்டும் கையில இல்லாமல் ஒராளில எப்பிடிப் பழியைப் போடுறது?" கொஞ்ச தூரம் நடந்தாள். "நீர் ஏன் சொல்லேல்லை?"

"பயந்துட்டேங்க."

"அது தெரியும். உம்மட முகத்துக்கு ஒரு வெட்டே போதும்" என்றாள். ரோட்டிலேயே தோள் ஆட ஆரம்பித்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் புழுவுக்குத் தலையில் தசையும் இருந்தது, பசைச் சுரப்பியும் இருந்தது. காணாமல் போயிருந்த அந்த வெட்டுகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தன. அவள் ஒப்பந்தமும் நீண்டது, என்னுடையதும் நீண்டது. சில வருடங்கள் கழித்து அவள் குடும்பம் மேற்கே எங்கோ போய்விட்டது. அங்கேயும் வெட்டுகிறாள். போனில் பேசும்போது முதல் பத்து நிமிடம் வெறும் சிரிப்புத்தான். அவள் போனபிறகு அந்த அறையில் கராம்பு வாசனை அடங்க ஒரு வருடம் ஆனது. அடங்கிய அன்று எனக்குத் துக்கமாக இருந்தது.

அந்த நாடாவின் கண்ணாடிகளைப் படம் எடுத்தது நான். பசைச் சுரப்பியின் குறுக்கே நீலமாக ஒரு கோடு ஓடும். அதைப் படத்திலிருந்து அழித்துவிடலாமா என்று புரொபசரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார். புதிதாக லாபுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதன் மேல் விரலை வைத்து, இது நரம்பா, தசையா என்று கேட்பார்கள். புரொபசருடைய ஸ்வெட்டர் என்பேன். விழிப்பார்கள். எப்படி வந்தது என்று கேட்பார்கள். நான் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருவேன். பிறகுதான் சொல்ல ஆரம்பிப்பேன்.